தாய்மாரைக் காத்த செம்மல்

ஒரு குடும்பத்தில் மகவு பிறக்கும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாளாகும். ஆயினும், அம்மகிழ்ச்சி கைகூடும் முன்னர்த் தாய் உறும் துன்பம் சொல்லில் அடங்காது. பிள்ளைப்பேறு பெண்களுக்கு மறுபிறவி எனப் பெரியோர் கூறுவது அதன் அருமை நோக்கியே ஆகும். அத்துன்பத்தைக் கடந்து, குழந்தையின் முகங்கண்டு களித்த தாய், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கொடிய காய்ச்சலுக்கு இரையாகி மடிவாளாயின், அதனினும் கொடுமை வேறு உண்டோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய நாடுகளின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இக்கொடுமை ஓயாது நிகழ்ந்து வந்தது. உயிரைக் காக்க எழுந்த மனைகளே உயிரை மாய்க்கும் இடங்களாக இருந்தன. அக்கொடுமையின் காரணத்தைக் கண்டறிந்து, அதனை நீக்கும் எளிய வழியையும் காட்டியவர் ஒருவர். அவ்வழியை உலகம் ஏற்காமையால் உள்ளம் நொந்து மறைந்தவரும் அவரே. அவர்தாம் ஹங்கேரி நாட்டு மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் ஆவார். செம்மல் என்னும் தமிழ்ச்சொல் தலைமை சான்றவரைக் குறிக்கும். அச்சொல்லின் ஒலி வேற்று மொழியினராகிய இவர் பெயரில் தற்செயலாக அமைந்ததாயினும், அது தகுதியுடையார்க்கே அமைந்தது எனலாம்.

இளமையும் கல்வியும்

டான்யூப் என்னும் பேராற்றின் ஒரு கரையில் புடா நகரமும், மறு கரையில் பெஸ்ட் நகரமும் இருந்தன. பிற்காலத்தில், 1873-ஆம் ஆண்டில், இவை இணைந்தே புடாபெஸ்ட் என்னும் தலைநகரம் ஆயிற்று. புடா நகரின் தபான் என்னும் பகுதியில், 1818-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் செம்மல்வைஸ் பிறந்தார். இவர் தந்தையார் மளிகைப் பொருள்களை விற்கும் வணிகர். செல்வ நிலையில் குறைவில்லாதவர். மக்கள் பலர் நிறைந்த அக்குடும்பத்தில் இக்னாஸ் வளர்ந்தார்.

மகன் சட்டம் பயின்று அரசு அலுவலில் அமர வேண்டும் என்பது குடும்பத்தார் விருப்பம். அதன்படி 1837-இல் செம்மல்வைஸ் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்தில் வியன்னா, ஆஸ்திரியப் பேரரசின் தலைநகராகவும் மருத்துவக் கல்வியின் உறைவிடமாகவும் விளங்கிற்று. சட்ட நூல்களில் செம்மல்வைஸின் உள்ளம் படியவில்லை. அடுத்த ஆண்டே அவர் மருத்துவத் துறைக்கு மாறினார். செடிகொடிகளின் வாழ்வைப் பற்றி ஓர் ஆய்வுரை எழுதி, 1844-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகத் தேர்ந்துகொண்டார்.

அவர்க்கு வாய்த்த ஆசிரியர்கள் பெரும்புகழ் படைத்தவர்கள். பிணங்களை அறுத்துச் சோதித்து, நோயால் உறுப்புகள் அடையும் மாறுதலை ஆராய்ந்தவர் ரோகிடான்ஸ்கி. நோயாளியின் உடலைத் தட்டியும் கேட்டும் நோயின் தன்மையைத் தெளிவதில் வல்லவர் ஷ்கோடா. தோல் நோய்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் ஹெப்ரா. எதனையும் கண்ணாற் கண்டு, ஒப்பிட்டு, எண்ணி, அதன் பின்னரே முடிவு கட்ட வேண்டும் என்னும் நெறியை இவர்களிடமிருந்தே செம்மல்வைஸ் கற்றுக்கொண்டார்.

இரண்டு பிரிவுகள்

வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுக்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றனர். ஒரு நாள் வரும் பெண்கள் முதற்பிரிவிலும், மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவிலுமாக மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். அங்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். 1846-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செம்மல்வைஸ், பேராசிரியர் கிளைன் என்பாரின் கீழ், முதற்பிரிவில் உதவி மருத்துவராக அமர்ந்தார்.

அங்கு அவர் கண்ட காட்சி அவர் நெஞ்சை உருக்கியது. பிள்ளை பெற்ற பெண்கள் சில நாட்களில் குளிர் நடுக்கமும், கடுங்காய்ச்சலும், வயிற்று வலியும் கொண்டு துடித்தனர்; பலர் மாண்டனர். இந்நோயைப் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் என்பர். அவ்வாண்டு முழுவதும் முதற்பிரிவில் பிள்ளை பெற்றோர் 4,010 பேர். அவருள் 459 பேர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் பிள்ளை பெற்றோர் 3,754 பேர். அவருள் இறந்தோர் 105 பேரே. ஒரே மருத்துவமனை, ஒரே நகரம், ஒரே வகையான பெண்கள். அங்ஙனமிருந்தும் மருத்துவர்கள் பணிபுரியும் இடத்தில் நூற்றுக்குப் பதினொருவரும், மருத்துவச்சிகள் பணிபுரியும் இடத்தில் நூற்றுக்கு மூவரினும் குறைவானவரும் இறந்தனர்.

இவ்வேறுபாட்டை நகரத்துப் பெண்கள் நன்கு அறிந்திருந்தனர். முதற்பிரிவின் முறைநாளில் வந்து சேர்ந்தவர்கள், தம்மை அங்குச் சேர்க்க வேண்டா என மண்டியிட்டுக் கைகூப்பி வேண்டினர். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்று, அதன்பின் வந்து சேர்ந்த பெண்களும் இருந்தனர். மருத்துவ உதவி ஏதுமின்றித் தெருவில் ஈன்ற அவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. உதவி பெற்றவர் இறக்க, பெறாதவர் பிழைத்தமை செம்மல்வைஸை உறங்கவிடவில்லை.

காரணம் தேடல்

நோய்க்குக் காரணம் யாதென வினவியபோது, அக்காலத்து மருத்துவர்கள் பலவாறு விடை கூறினர். வானிலும் மண்ணிலும் தோன்றும் தீய ஆவியே காரணம் என்றனர் பலர். அவ்வாறாயின், ஒரே கூரையின் கீழ் உள்ள இரண்டாம் பிரிவை அந்த ஆவி ஏன் விட்டு வைத்தது? வெளியே நகரத்தில் வீடுகளில் பிள்ளை பெறுவோரை ஏன் அது அங்ஙனம் வாட்டவில்லை? இவ்வினாக்களுக்கு விடையில்லை. மக்கள் நெருக்கமே காரணம் என்றனர் சிலர். முதற்பிரிவுக்கு அஞ்சிப் பெண்கள் இரண்டாம் பிரிவையே நாடியதால், நெருக்கம் மிகுந்திருந்தது இரண்டாம் பிரிவிலேயே ஆகும்.

இறக்கும் தறுவாயில் உள்ளோர்க்குச் சமயச் சடங்கு செய்ய வரும் பாதிரியார், மணியொலி முன்செல்ல முதற்பிரிவின் அறைகளினூடே நடந்து செல்வது வழக்கம். அவ்வொலி கேட்டு ஏனைய பெண்கள் அஞ்சுவதே நோய்க்குக் காரணம் எனவும் கூறப்பட்டது. செம்மல்வைஸ் பாதிரியாரை வேண்டிக்கொண்டு, மணியின்றி வேறு வழியாக வரச் செய்தார், பயனில்லை. மருத்துவச்சிகள் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிள்ளைப்பேறு பார்ப்பதை அறிந்து, முதற்பிரிவிலும் அவ்வாறே செய்வித்தார், அதனாலும் பயனில்லை. மாணவர்கள் மென்மையின்றிச் சோதிப்பதே காரணம் எனக் கருதிய ஒரு குழு, மாணவர் தொகையைப் பாதியாகக் குறைத்தது. சில திங்கள் குறைந்திருந்த சாவு மீண்டும் ஏறியது.

ஒன்றை மட்டும் செம்மல்வைஸ் கூர்ந்து கண்டார். மகப்பேற்று வலி நெடுநேரம் நீடித்த பெண்களே முதற்பிரிவில் மிகுதியாக இறந்தனர். அத்தகையோரை மாணவர் பலரும் பன்முறை கையிட்டுச் சோதிப்பர். இஃது உண்மைக்கு வழிகாட்டும் குறிப்பே ஆயினும், அதன் பொருள் அப்பொழுது அவர்க்கு விளங்கவில்லை.

நண்பரின் மறைவு

1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மனச்சோர்வு நீங்குதற்பொருட்டுச் செம்மல்வைஸ் நண்பர்களுடன் வெனிஸ் நகருக்குச் சென்றார். திரும்பி வந்தபோது துயரச் செய்தியொன்று அவரை எதிர்கொண்டது. அவர் பெரிதும் மதித்த நண்பரும், சட்ட மருத்துவப் பேராசிரியருமான கொல்லெட்ச்கா இறந்துவிட்டார். பிணச் சோதனை நடந்தபொழுது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் தவறிப் பட்டது. சிறிய காயந்தான். ஆயின் அதுவே நஞ்சாகி உடலெங்கும் பரவ, அவர் காய்ச்சலுற்று மாண்டார்.

நண்பரை இழந்த துயரினிடையேயும் செம்மல்வைஸ் அவருடைய பிணச் சோதனைக் குறிப்பை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் உள்ளம் திடுக்கிட்டது. பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த நூற்றுக்கணக்கான பெண்களின் உடலில் அவர் கண்ட மாறுதல்கள் யாவும் கொல்லெட்ச்காவின் உடலிலும் இருந்தன. நோய் ஒன்றாயின் காரணமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கொல்லெட்ச்காவைக் கொன்றது கத்தி வழியாகக் குருதியிற் கலந்த பிணத்தின் நச்சுப்பொருள். தாய்மாருக்கோ கத்திக் காயம் இல்லை. அந்நச்சுப்பொருள் அவர்கள் உடலில் எவ்வாறு புகுந்தது?

இருள் விலகி ஒளி பிறந்தது. முதற்பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்து ஆராய்ந்துவிட்டு, நேரே மகப்பேற்று அறைக்கு வந்து பெண்களைச் சோதித்தனர். சவுக்காரமும் நீரும் கொண்டு கழுவிய பின்னரும் அவர்கள் கையில் பிணவாடை எஞ்சி நின்றது. வாடை நின்றதெனின், அதற்குக் காரணமான பொருளும் நின்றது என்பதே பொருள். மருத்துவச்சிகளோ பிணங்களைத் தொடுவதில்லை. ஆகவே அவர்கள் பிரிவில் சாவு குறைந்திருந்தது. தெருவில் ஈன்ற பெண்கள் பிழைத்தமைக்கும், நெடுநேரம் வலியுற்றோர் மாண்டமைக்கும் காரணம் இப்பொழுது தெளிவாயிற்று. மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, பிணச் சோதனை மாணவர்க்குப் பாடமாகாதிருந்த முன்னாளில் சாவு மிகக் குறைவாக இருந்தமையும் புலப்பட்டது.

உண்மை கண்ட மகிழ்ச்சி செம்மல்வைஸுக்கு நிலைக்கவில்லை. நோயை ஆராயும் ஆர்வத்தால் நாள்தோறும் தவறாது பிணங்களைச் சோதித்தவர் அவரே. எந்தப் பெண்களைக் காக்க அவர் இராப்பகலாக உழைத்தாரோ, அவர்களுள் பலருக்குத் தம் கையாலேயே நஞ்சை ஊட்டியிருந்தார். தம்மால் இறந்தோர் எத்துணைப் பேர் என்பது இறைவன் ஒருவனுக்கே தெரியும் எனப் பின்னாளில் தம் நூலில் அவர் வெளிப்படையாக எழுதினார். தம் பிழையை மறைக்காது உலகறியச் சொல்லும் ஆற்றல் மிகச் சிலர்க்கே உண்டு.

கை கழுவும் கட்டளை

1847-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில் செம்மல்வைஸ் ஒரு கட்டளை பிறப்பித்தார். மகப்பேற்று அறையினுள் நுழையும் மருத்துவர், மாணவர் யாவரும், வாயிலில் வைக்கப்பட்ட குளோரின் நீரில் கைகளை நன்கு கழுவிய பின்னரே பெண்களைத் தொடுதல் வேண்டும். பிணவாடையை அடியோடு போக்க வல்லது அந்நீர் என்பதாலேயே அதனை அவர் தேர்ந்தார். அது விலை மிகுந்ததாக இருந்தமையால், விரைவில் குளோரின் ஏற்றிய சுண்ணாம்பைக் கரைத்த நீரைப் பயன்படுத்தினார். சலவைத்தூள் என நாம் வழங்கும் பொருள் அதுவே.

அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் முதற்பிரிவில் பிள்ளை பெற்ற 312 பெண்களுள் 57 பேர் இறந்திருந்தனர். கட்டளை நடைமுறைக்கு வந்த பின், ஜூன் திங்களில் 268 பேருள் 6 பேரும், ஜூலையில் 250 பேருள் 3 பேருமே இறந்தனர். அடுத்த ஆண்டாகிய 1848-இல் முதற்பிரிவில் 3,556 பேருள் இறந்தோர் 45 பேர். மருத்துவச்சிகளின் பிரிவுக்கும் மருத்துவர்களின் பிரிவுக்கும் இருந்த வேறுபாடு மறைந்தது. அவ்வாண்டில் இரண்டு திங்களில் ஒரு பெண்ணும் இந்நோயால் இறக்கவில்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகள் தாயற்ற பிள்ளைகள் ஆகாமல் தப்பின. இவ்வளவும் விளைந்தது ஒரு பாத்திர நீரினால்!

மற்றொரு பாடம்

எளிய கட்டளையே எனினும் அதனைப் பின்பற்றுதல் எளிதாக இல்லை. சுண்ணாம்பு நீர் கையின் தோலை வருத்தியது. அதன் நெடியும் இனிதன்று. கழுவ நேரமாகிறது எனச் சிலர் முணுமுணுத்தனர். செம்மல்வைஸ் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஒழுங்கில் ஒருவர் தவறினும் ஓர் உயிர் போகும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1847-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த துன்பம் ஒன்று அவ்வுணர்வை மேலும் உறுதிப்படுத்தியது. கருப்பையில் புற்றுநோய் கண்டு சீழ் வடிந்த ஒரு பெண், மகப்பேற்றுக்காக முதற்படுக்கையில் சேர்க்கப்பட்டிருந்தாள். மருத்துவரும் மாணவரும் அறையினுள் நுழையும்போது குளோரின் நீரில் கைகளைக் கழுவினர். ஆயின் அப்பெண்ணைச் சோதித்த பின்னர், அடுத்த படுக்கைகளில் இருந்தோரைச் சோதிக்குமுன் சவுக்காரம் கொண்டே கழுவினர். அவளுடன் மகப்பேற்றுக்கு இருந்த பன்னிரு பெண்களுள் பதினொருவர் இறந்தனர். பிணத்தின் பொருள் மட்டுமன்றி, உயிருள்ள உடலில் அழுகிய பொருளும் நஞ்சாகும் என்பதைச் செம்மல்வைஸ் அன்று கற்றார். அறைக்குள் நுழையும்போது ஒருமுறை கழுவினால் போதாது. ஒருவரைத் தொட்ட பின், மற்றொருவரைத் தொடுமுன் மீண்டும் கழுவ வேண்டும் எனக் கட்டளையை விரித்தார்.

எதிர்ப்பு

இத்துணைப் பெரிய உண்மையை உலகம் உவந்து வரவேற்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. ஹெப்ராவும் ஷ்கோடாவும் இக்கண்டுபிடிப்பைப் போற்றி எழுதியும் பேசியும் வந்தனர். கீல் நகரத்து மருத்துவர் மிகாயெலிஸ் தம் மருத்துவமனையில் இம்முறையைக் கைக்கொண்டார். ஆயின் பேராசிரியர் கிளைனும் அவரைச் சார்ந்த பலரும் ஏற்க மறுத்தனர். மருத்துவர்கள் உயர்குடிப் பிறந்தோர். அவர்கள் கை தூய்மையற்றதென்றும், அதனால் உயிர் போயிற்றென்றும் கூறுவது அவர்களுக்கு இழிவாகத் தோன்றியது. நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு அக்காலத்தில் பரவவில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு பொருள் மனிதரைக் கொல்லும் என்றால் எள்ளி நகைத்தனர். பெரும்புகழ் பெற்ற விர்கோ என்னும் ஜெர்மானிய அறிஞரும் இக்கொள்கையை ஏற்கவில்லை.

செம்மல்வைஸிடமும் ஒரு குறை இருந்தது. அவர்க்கு எழுதுவதில் விருப்பமில்லை. தம் கண்டுபிடிப்பைத் தாமே விளக்கி உரிய காலத்தில் நூல் எழுதாமல் பல ஆண்டுகளைக் கழித்தார். அவரைப் பற்றி நண்பர்கள் எழுதியவற்றைப் படித்த அயல்நாட்டார் சிலர், பிணநஞ்சு ஒன்றே நோய்க்குக் காரணம் என அவர் கூறுவதாகப் பிழைபடப் பொருள் கொண்டனர். வழக்கில் வெல்லத்தக்க சான்று கையில் இருந்தும், மன்றில் சென்று உரைக்காதவன் நிலைபோல் ஆயிற்று அவர் நிலை.

1848-இல் வியன்னாவில் அரசியற் புரட்சி எழுந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் செம்மல்வைஸின் பணிக்காலம் முடிவுற்றபோது, அது நீட்டிக்கப்படவில்லை. 1850-இல் அவர் மருத்துவர் கழகத்தில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஆசிரியப் பதவியொன்று கிடைத்தது. ஆயினும் பொம்மையைக் கொண்டே பாடம் நடத்த வேண்டும் என அதற்கு வரம்பு கட்டினர். மனம் புண்பட்ட செம்மல்வைஸ், தமக்குத் துணைநின்ற நண்பர்களிடமும் சொல்லாது, சில நாட்களில் வியன்னாவை விட்டு அகன்றார். சினத்தால் செய்த இச்செயல் அவர் நண்பர்களை வருத்தியது, பகைவர்க்கு வாய்ப்பாயிற்று.

பெஸ்ட் நகரில்

தாயகம் மீண்ட செம்மல்வைஸ், 1851-ஆம் ஆண்டில் பெஸ்ட் நகரின் புனித ரோக்கு மருத்துவமனையில், மகப்பேற்றுப் பிரிவின் தலைவராக ஊதியமின்றிப் பணி ஏற்றார். அங்கும் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் பரவியிருந்தது. அவர் பொறுப்பில் இருந்த ஆறாண்டுகளில் பிள்ளை பெற்ற 933 பெண்களுள் இந்நோயால் இறந்தவர் எண்மரே. 1855-இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுப் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. 1857-இல் மரியா என்னும் நங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கள் ஐவர் பிறந்தனர்; அவருள் இருவர் கைக்குழந்தைகளாகவே இறந்தனர். அதே ஆண்டில் சூரிச் நகரப் பல்கலைக்கழகம் அழைத்தும், தாயகத்தை விட்டுச் செல்ல அவர் இசையவில்லை.

பல்கலைக்கழக மருத்துவமனையில் கை கழுவும் ஒழுங்கு சீராக நடந்துவந்தும், ஒரு காலத்தில் சாவு மீண்டும் தலைகாட்டியது. செம்மல்வைஸ் ஆராய்ந்தார். படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பணி, குறைந்த கூலிக்கு இசைந்தவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. துவைத்தவை என வந்த துணிகளில் பழைய குருதிக் கறையும் நாற்றமும் இருந்தன. சிக்கனம் என்ற பெயரால் தாய்மாரின் உயிர் விலைபோவதை அவர் பொறுக்கவில்லை. அதிகாரிகளிடம் போராடித் தூய துணிகளைப் பெற்றார். கை மட்டுமன்றிப் பெண்ணின் உடலைத் தீண்டும் கருவியும் துணியும் யாவும் தூயனவாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

நூலும் கடிதங்களும்

நண்பர்களின் வற்புறுத்தலால் செம்மல்வைஸ் இறுதியில் எழுதத் தொடங்கினார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலின் காரணத்தையும் தன்மையையும் தடுப்பையும் விளக்கும் அவருடைய பெருநூல், 1861 என்னும் ஆண்டு பொறிக்கப்பெற்று ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. பல ஆண்டுகளின் பிறப்பு இறப்புக் கணக்குகள் அந்நூலில் வரிசை வரிசையாக இடம்பெற்றன. ஆயின் நூல் நீண்டது, நடை கரடுமுரடானது, எதிர்ப்பாளரைச் சாடும் பகுதிகளோ மிகுதி. அதனை வரவேற்றவர் சிலர், பழித்தவர் பலர்.

தம் சொல் எடுபடாமையால் நாள்தோறும் எங்கோ ஒரு தாய் இறக்கிறாள் என்னும் எண்ணம் அவர் நெஞ்சை அறுத்தது. பேராசிரியர் பலருக்கு அவர் வெளிப்படையான கடிதங்கள் எழுதி அச்சிட்டார். உண்மை அறிந்தும் கை கழுவ மறுப்போர் கொலைஞரே என அவற்றில் கடுமையாகச் சாடினார். நெஞ்சில் நிறைந்த இரக்கமே சினமாக வடிவெடுத்தது. ஆயினும் கடுஞ்சொல்லால் எவரையும் திருத்த இயலவில்லை. ஏற்க நினைத்தோரும் விலகிச் சென்றனர்.

துயர முடிவு

ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்மல்வைஸின் உள்ளமும் உடலும் நலிந்தன. அவருடைய பேச்சிலும் நடத்தையிலும் மாறுதல் கண்ட குடும்பத்தாரும் நண்பரும் கவலையுற்றனர். 1865-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் அவரை வியன்னாவிற்கு அழைத்துச் சென்று, மனநோயாளர் இல்லம் ஒன்றில் விட்டனர். அங்கிருந்து வெளியேற முயன்ற அவரைக் காவலர்கள் வன்மையாக அடித்து அடக்கினர். அவர் உடலில் ஏற்பட்ட காயம் அழுகிக் குருதியில் நஞ்சு கலந்தது. அங்குச் சேர்ந்த இரண்டு வாரங்களில், 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள், தம் நாற்பத்தேழாம் வயதில் அவர் உயிர் நீத்தார். கொல்லெட்ச்காவையும், எண்ணற்ற தாய்மாரையும் மாய்த்த அதே வகையான நஞ்சு, அதனை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடியவரையும் மாய்த்தது.

அவர் இறப்பதற்கு முந்திய நாள், கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணில் கார்பாலிக் அமிலத்தை இட்டு, அழுகலைத் தடுக்கும் தம் புதுமுறையைத் தொடங்கினார். ஒருவர் கையிலிருந்து நழுவிய விளக்கை மற்றொருவர் ஏந்தியது போன்ற நிகழ்ச்சி அது. 1879-இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர், பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி சங்கிலி போன்ற வடிவுடையதென அறிஞர் அவையில் எடுத்துக்காட்டினார். செம்மல்வைஸ் கண்ணாற் காணாது கருத்தாற் கண்ட நச்சுப்பொருள் எதுவென உலகம் அன்று அறிந்தது.

அழியாப் புகழ்

வாழுங்கால் இகழ்ந்த உலகம், மறைந்த பின்னர் அவரைப் போற்றியது. வியன்னாவில் அடக்கம் செய்யப்பெற்ற அவர் எலும்புகள் 1891-இல் புடாபெஸ்ட் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. 1964-இல் அவர் பிறந்த வீட்டிலேயே வைக்கப்பட்டன. அவ்வீடு இப்பொழுது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1969 முதல் புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாய்மாரின் மீட்பர் என்று அவரை மக்கள் வாழ்த்துகின்றனர்.

ஆயினும் அவர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. மகப்பேற்றுக் காலத்தில் உண்டாகும் நோய்த்தொற்று, இன்றும் உலகில் தாய்மாரின் சாவுக்குரிய முதன்மையான காரணங்களுள் ஒன்றாக இருக்கிறது. கிருமிகளை அறியாத மருத்துவர் இன்று எவரும் இலர். அறிந்தும், பணி நெருக்கத்தாலோ மறதியாலோ, நீரும் மருந்தும் அருகில் இல்லாமையாலோ, கை தூய்மை செய்யத் தவறுவோர் உளர். இதனை உணர்ந்தே உலக நலவாழ்வு நிறுவனம், 2009 முதல் ஆண்டுதோறும் மே 5-ஆம் நாளைக் கைத்தூய்மைக்கு உரிய நாளாகக் கொண்டாடி வருகிறது. நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் செயலைத் தொடங்குமுன், உடல் நீர்மங்கள் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சூழ்ந்துள்ள பொருள்களைத் தொட்ட பின் ஆகிய ஐந்து வேளைகளில் கை தூய்மை செய்தல் வேண்டும் என அந்நிறுவனம் வகுத்துள்ளது. ஒருவரைத் தொட்ட கையால் கழுவாது மற்றொருவரைத் தொடாதே என்று செம்மல்வைஸ் விதித்த கட்டளையின் விரிவே இது.

கைகழுவுதல் என்பது நம் நாட்டு வழக்கில் ஒன்றைக் கைவிட்டு விடுதலைக் குறிக்கும். செம்மல்வைஸின் வாழ்விலோ அது கைவிடாது காத்தலைக் குறித்தது. அவர்க்குப் படை இல்லை, பெருஞ்செல்வம் இல்லை. தம் பிழையை ஒப்புக்கொள்ளும் நேர்மையும், பிறர் உயிருக்கு இரங்கும் நெஞ்சமுமே அவர் உடைமைகள். பெரிய நன்மைகள் யாவும் பெரிய செயல்களாலேயே விளையும் என்பதில்லை. எவரும் பாராத இடத்திலும் தவறாது செய்யும் சிறு கடமை, ஓர் உயிரைக் காக்கும். ஒரு குடும்பத்தை வாழ்விக்கும். இவ்வுண்மையை நெஞ்சிற் பதித்து ஒழுகுவதே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.